என் பெட்டியில் உண்ணி இல்லை

எங்கள் மலைச்சரிவில் தேனீ வளர்ப்பவர்கள் பலர். அவர்களுக்குள் ஓர் இனம் தனி. அந்த இனத்தாரிடம் பெட்டிகள் இருக்கும், பெட்டிகளை அடுக்கத் தனிக் கொட்டகை இருக்கும், புகையூதி இருக்கும், கொட்டுப்பட்ட கதைகள் முப்பது வருடத்துக்குப் போதுமான அளவு இருக்கும். உண்ணி மட்டும் இருக்காது. ஊரெல்லாம் இருக்கும், ஸ்லோவேனியா முழுக்க இருக்கும், இவருடைய வேலி வரைக்கும் வந்து, உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு, மரியாதையாகத் திரும்பிப் போய்விடும்.

மாட்டுக் காதில் தொங்குமே, அந்த உண்ணி அல்ல. இது தேனீயின் வயிற்றில் ஒட்டி உறிஞ்சும் ஒரு செம்பழுப்புப் புள்ளி. கடுகுக்கும் சின்னது. இது ஏறிய கூட்டில் சிறகு சுருங்கிய குஞ்சுகள் பிறக்கும். குளிர்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் தேன் அப்படியே இருக்கும், தின்ன ஆள் இருக்காது. போன பிப்ரவரியில் அப்படி நான்கு பெட்டி திறந்தேன். அறுபத்திரண்டு வயதில், பனியில் முழங்கால் போட்டு, வெட்கமில்லாமல் அழுதேன். மிச்சம் ஏழு. அந்த ஏழும் அடுத்த வசந்தத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசை கிடையாது.

அதற்கு நான் ஒழுங்காக இருந்தால் போதுமா? போதாது. ஒருவர் மருந்து வைக்காமல் விட்டால் அவர் கூட்டம் நலியும். நலிந்த வீட்டில் திருட எங்கள் தேனீக்கள் போகும். போனவை தேனோடு உண்ணியையும் உடம்பில் சுமந்து வரும். ஆகவே ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை எல்லோரும் ஒன்றாக மருந்து வைப்பது என்று எங்கள் சங்கம் முடிவு செய்தது. எல்லோரும் கை தூக்கினார்கள், பக்கத்து வீட்டு லுத்விக்கைத் தவிர.

லுத்விக்தான் நான் சொன்ன இனத்தின் சுத்தமான மாதிரி. உண்ணி உண்டா என்று கேட்டால் பெட்டியைத் திறக்க மாட்டார். காதை வைத்துக் கேட்பார், என்னையும் கேட்கச் சொல்வார்.

"கேளுய்யா யாங்கோ! நோய் வந்தவன் இப்படிப் பாடுவானா?"

"பாட்டு இருக்கட்டும் லுத்விக். எண்ணிப் பார்த்தீங்களா?"

"எதை எண்ணுறது? இல்லாததையா?"

அவருக்குக் கைவசம் வைத்தியமும் உண்டு. பூண்டைக் கட்டித் தொங்கவிடுவார். புகையூதியில் வால்நட் இலை போடுவார். பெட்டி முகப்பில் பிசாசு ஒன்று பெண்பிள்ளையின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டுகிற பழைய படம் இருக்கிறது, அதைப் பார்த்தாலே உண்ணி பயந்துவிடுமாம். நாக்கைத் தீட்ட வேண்டிய அவசியமே இல்லாத அவர் மனைவி ஸ்லாவ்கா, "அந்தப் பிசாசு இந்தாளு வாயைத்தான் முதல்ல தீட்டியிருக்கு" என்பாள்.

நானோ எண்ணுகிறவன். பெட்டிக்கு அடியில் வெள்ளைப் பலகை செருகி, விழுகிற உண்ணிகளை வாரம் ஒருமுறை கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். மூன்று வாரமாக ஏழு பெட்டியிலும் பூஜ்யம்! விழுந்தது அப்படியே ஒட்டிக்கொள்ளப் பலகையில் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், கை பிசுபிசுக்கும் என்று நான் தடவுவதில்லை. இவ்வளவு சுத்தமான பெட்டிக்கு மருந்து எதற்கு? எனக்கென்று வாங்கவில்லை. லுத்விக்கை வாங்க வைப்பதுதான் என் பொதுச்சேவை.

சனிக்கு முந்தின நாள் காலை ஸ்லாவ்காவே வேலியோரம் வந்து கூப்பிட்டாள். "வாங்கண்ணே, இன்னிக்கு எண்ணிடுவோம். பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது." கையில் வலைமூடி போட்ட கண்ணாடி ஜாடி, பொத்தீட்சா ரொட்டிக்கு வைத்திருந்த பொடிச்சர்க்கரை. நான் லுத்விக் பெட்டியில் ராணித் தேனீ இல்லாத அடைச் சட்டமாகப் பார்த்து அரைக் கோப்பை தேனீயை உள்ளே தட்டினேன். ஏறக்குறைய முந்நூறு. உண்ணி பிடிவிட்டு உதிரட்டும் என்று இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குலுக்கி, கொஞ்சம் பொறுத்து, வெள்ளைத் தட்டில் சலித்தோம். மாவு மில்லில் வேலை செய்தவர்கள் மாதிரி வெளுத்துப்போன தேனீக்கள் வீடு திரும்ப, கூட்டில் இருந்த தங்கைமார் அவற்றை நக்கத் தொடங்கினார்கள். தட்டில் தண்ணீர் தெளித்தாள் ஸ்லாவ்கா. சர்க்கரை கரைந்தது. புள்ளிகள் கரையவில்லை.

முந்நூறு தேனீக்கு ஒன்பது உண்ணிக்கு மேல் போனால் ஆபத்து. முப்பத்தொன்று.

லுத்விக் தட்டை என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் யாங்கோ பெட்டியிலேர்ந்து வந்தது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்கிட்ட பூஜ்யம்! வந்து பாருங்க ரெண்டு பேரும்!"

வந்தார்கள். பலகையை இழுத்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது. நான் மார்பை நிமிர்த்தினேன். ஸ்லாவ்கா குனிந்தாள், நிமிரவே இல்லை.

"அண்ணே, இந்த எறும்பு எங்க போகுது?"

பலகையின் ஓரமாக ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. முதல் எறும்பின் வாயில் ஒரு செம்பழுப்புப் புள்ளி. இரண்டாவதிலும். மூன்றாவது கொஞ்சம் சோம்பேறி, சும்மா போனது. நான்காவதில் மறுபடி. மூன்று வாரமாக என் உண்ணிகளை யாரோ எனக்கு முன்பே எண்ணி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜாடி வந்தது, சர்க்கரை வந்தது. நாற்பத்திரண்டு.

அந்த நேரத்தில் என் ஏழு பெட்டிகளும் பிப்ரவரியில் திறந்த அந்த நான்கைப்போல என் கண்ணுக்குத் தெரிந்தன. நெஞ்சில் பயமும் வெட்கமுமாக நின்ற நான் வாயைத் திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் லுத்விக் பெட்டியிலேர்ந்து வந்தது."

ஸ்லாவ்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள் முன்பே வாங்கி வைத்திருந்த, பெட்டிக்குள் தொங்கவிடும் மருந்துப் பட்டைகளைக் கொண்டுவந்து போட்டாள். "ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? பேசாம நாளைக்கு வைங்க." வைத்தோம்.

நீங்கள் தேனீ வளர்ப்பதில்லை, நிம்மதியாகப் படித்திருப்பீர்கள். படிக்கும்போது யாரை நினைத்துச் சிரித்தீர்கள்? மைத்துனரையா, மேலதிகாரியையா, எதிர்வீட்டுக்காரரையா? சரி. அந்த வரிசையில் உங்கள் பெயர் ஒரு தடவையாவது வந்ததா? வரவில்லையென்றால், முதலில் எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.