சிவப்புப் பெடலா, கறுப்புப் பெடலா?

அயவீரி,
மாதா திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய பொறுமைக்கும் உரிய மைத்துனர் அப்தோன் லாரிகோ அவர்களுக்கு, அக்காள் புருஷன் லியோன்சியோ பக்கோம்பியா எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் மகனும் மருமகளும் பேரக்குழந்தையும் அரெக்கிபா வெயிலில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் அக்காள் நியேவெஸும் சுகம். ஆடுகளும் சுகம். என் தோள்பட்டையில் வலி இருக்கிறது, ஆனால் அது பழைய வலி, அதையும் சுகத்திலேயே சேர்த்துவிடலாம். தாங்கள், தங்கள் என்று இதற்கு மேல் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன், மரியாதை மனதுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்.

மச்சான், நீ ரேடியோவையும் டிவியையும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுகிறவன், அதனால்தான் உன்னிடம் வருகிறேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ சிரித்தால் எனக்குக் கேட்கும், கடிதத்தில் சிரித்தால் கேட்காது. விஷயம் இதுதான்: என் மேஜைமேல் இரண்டு டியூனர் பெடல் இருக்கின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கிடாரின் ஒயரை அதில் சொருகிக் காலால் மிதித்தால், கம்பி சுருதியில் நிற்கிறதா இல்லையா என்று விளக்கெரித்துச் சொல்லும் பெட்டி. இந்த இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று புதன்கிழமைக்குள் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை திருவிழா மேடையில் என் நாற்காலி எனக்கில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ நகரத்துக்குப் போய் எதை மறந்திருந்தாலும் ராத்திரியில் ஊற்றிலிருந்து எழுந்துவந்து வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிற நம் ஊற்றுக்காரியை மறந்திருக்க மாட்டாய். திருவிழாவுக்கு முந்தின இரவு கிடாரை மலையடி ஊற்றுப் பாறையில் வைத்து, பக்கத்தில் கோக்கா இலையும் மிட்டாயும் ஒரு குவளை ஒயினும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். அன்று இரவு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, அவளைப் பார்த்தவனுக்குப் பித்துப் பிடிக்கும். விடிந்ததும் போய் எடுத்தால் ஆறு கம்பியும் அழகாகச் சுருதி சேர்ந்திருக்கும், குவளையில் ஒயினும் குறைந்திருக்கும். அவள் சேர்த்ததை மனிதக் கை திருத்தக் கூடாது என்பதால் நான் அதன்பிறகு திருகாணியைத் தொடவே மாட்டேன். கல்யாணமான வருடத்திலிருந்து இப்படித்தான் வாசிக்கிறேன், ஒரு குறையும் வந்ததில்லை. போன வருடம் மட்டும் என்ன நடந்ததோ தெரியவில்லை. ஒயின் குவளையில் அப்படியே உறைந்து கிடந்தது, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் பாட்டு ஆரம்பித்ததும் மாதாவைத் தோளில் தூக்கி வந்தவர்கள் கால் மாற்றி வைத்தார்கள், சாமியார் திரும்பிப் பார்த்தார், ஒரு குழந்தை அழுதது. அது பசிக்கு அழுத குழந்தை என்று நான் இன்றுவரை சொல்லி வருகிறேன், யாரும் நம்பவில்லை.

இந்த வருடம் திருவிழாவை ஏற்று நடத்துகிறவள் ஆட்டுக்கறி சுட்டு விற்கிற கசிமீரா. போன வாரம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"லியோன்சியோ அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா போன வருஷம் நீங்க வாசிச்சதைக் கேட்டு, என் அடுப்புல இருந்த ஆடு எழுந்து ஓடிடுமோன்னு பயந்துட்டேன்."

"அது ஊத்துக்காரி பண்ணினது. நான் என்ன பண்றது?"

"ஊத்துக்காரிக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது போல. கடையில மிதிக்கிற பெட்டி விக்கிறாங்களாம், அதுல ஒண்ணை வாங்குங்க. இல்லேன்னா ஹூலியாக்காவுலேர்ந்து கீபோர்டு வாசிக்கிறவனைக் கூட்டிவந்து உங்க நாற்காலியில உட்கார வச்சிருவேன். அப்புறம் அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது."

உன் அக்காள் இதைக் கேட்டு சூப்புச் சட்டியை டணாரென்று கீழே வைத்தாள். "அவளுக்கு ஒண்ணும் வயசாகல" என்று ஒரே பேச்சு, உள்ளே போய்விட்டாள். ஊற்றுக்காரிமேல் அவளுக்கு இவ்வளவு பக்தி இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, ஹூலியாக்காவுக்குப் போனேன். கடையில் யெசேனியா என்று ஒரு பெண். எங்கள் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிற சத்துர்னீனோவின் ஞானமகள் அவள், அதனால் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டி நிறைய பெடல்களாக இருந்தன, எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டை எடுத்து வெளியே வைத்தாள்.

"மாமா, சிவப்புல முள்ளு மாதிரி காட்டும். நடுவுல வந்து நின்னா பச்சை விளக்கு எரியும். கறுப்புல விளக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்டம் நின்னா சுருதி சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

"ஓடுற விளக்கா? திருவிழா மேடையில நாங்க இருக்கிற நிலைமையில நிக்கிற விளக்கே ஓடும்மா."

"ரெண்டுலயும் மிதிச்சா சத்தம் நின்னுடும். நீங்க சுருதி சேர்க்கிறது வெளியில யாருக்கும் கேக்காது."

இதுதான் எனக்கு விளங்கவே இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சத்துர்னீனோ மைக்கைப் பிடித்து, பீர் பெட்டி கொடுத்தவர்களையும் ஞானப்பெற்றோர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துவான். அந்த நேரம் முழுக்க நான் திருகாணியைத் தொடாமல் கம்பியை மட்டும் டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருப்பேன். அது கேட்டால்தானே கூலி கொடுத்துக் கூப்பிட்ட வாத்தியக்காரன் வேலை செய்கிறான் என்று ஜனங்களுக்குத் தெரியும்? அவளிடம் சொன்னேன்.

"அப்போ மிதிக்காதீங்க மாமா."

"மிதிக்காம இருக்கிறதுக்கு மிதிக்கிற பெட்டி எதுக்கும்மா?"

யெசேனியா கடைக் கிடார் ஒன்றை எடுத்து அதன் ஒயரைச் சிவப்பில் சொருகினாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. நமக்குச் சுரம் என்றால் தோ, ரே, மி, இதில் வருவதோ இங்கிலீஷ் எழுத்து. முதல் கம்பிக்கு ஒரு எழுத்து வந்தது, கடைசிக் கம்பிக்கும் அதே எழுத்து வந்தது. பாதியில் மறந்துபோய் ஆரம்பத்துக்கே திரும்பிவிட்டது, ரிப்பேர் பெட்டி என்று சிவப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கறுப்பும் அதையே செய்தது. கடைசியில் அவள், "ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, எது பிடிக்குதோ வச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொண்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் குழப்பம் இரண்டு மடங்காயிற்று. உன் அக்காள் சிவப்புதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்றாள், அது ஒரு காரணமா? சத்துர்னீனோதான் ஒரு வழி சொன்னான்.

"டேய், இத்தனை வருஷமா நம்ம ஊர்ல சுருதி எது, அபசுருதி எதுன்னு சொன்னது யாரு? ஊத்துக்காரிதானே? கிடாரோட ரெண்டு பெட்டியையும் கொண்டுபோய் அவகிட்டயே வை. அவ சேர்த்த சுருதியை எந்தப் பெட்டி ஒத்துக்குதோ அதுதான் நல்ல பெட்டி."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வியாழக்கிழமை மாலையே கிடாரையும் இரண்டு பெடலையும் பாறைமேல் வைத்தேன். திருவிழா இல்லாத நாளில் தொந்தரவு செய்கிறோமே என்று ஒயினைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். விடிந்து போய்ப் பார்த்தால் குவளை காலி. போன வருடத்துக் கோபம் அவளுக்குத் தீர்ந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சிவப்பில் சொருகி மிதித்தேன். ஆறு கம்பிக்கும் முள் நடுவில் நின்று பச்சை எரிந்தது. கறுப்பில் சொருகினேன். ஆறு கம்பியும் தப்பு. ஒன்றிரண்டு தப்பென்றால் புரியும் மச்சான், ஆறும் ஒரே அளவு, ஒரே பக்கமாகத் தப்பு. பேட்டரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன், தொப்பியைக் கழற்றிவிட்டுக்கூட மிதித்துப் பார்த்தேன். விளக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதற்குமேல் சத்துர்னீனோ தன் பேஸ் கிடாரைக் கொண்டுவந்தான். அவன் அதை வைப்பது ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு ஊற்றில். அந்த ஊற்றுக்காரிக்கு வருடம் முழுக்கச் சளி, சுருதி எப்போதும் ஒரு முடி கீழேதான் இருக்கும், நானும் பெரிய மனது பண்ணி ஒன்றும் சொன்னதில்லை. அவன் கறுப்பில் சொருகினான். விளக்கு அசையாமல் நின்றது. "பார்த்தியா, இத்தனை வருஷமா தப்பு நீதான்" என்று சொல்லிவிட்டு நான் கொடுத்த கோக்கா டீயையும் குடிக்காமல் போய்விட்டான். கறுப்பு என்னைத் தப்பென்று சொன்னதைக் கேட்டு உன் அக்காளுக்கு ஏனோ முகமே சிவந்துவிட்டது. "அதுக்கு என்ன தெரியும்" என்று அதன்மேல் ஆட்டுத் தோலைப் போட்டு மூடிவிட்டாள்.

இப்போது சொல், எதை வாங்குவது? சிவப்பு சொல்வது சரியென்றால் கறுப்பு ஏன் சத்துர்னீனோவை ஒத்துக்கொள்கிறது? கறுப்பு சொல்வது சரியென்றால் இத்தனை திருவிழாவிலும் நான் தப்பாக வாசித்தேன், ஊர்க்காரர்கள் பாவம் பார்த்துச் சும்மா இருந்தார்கள் என்றாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். மற்ற நாளெல்லாம் நான் ரயில்வேயில் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்ற கிழவன், அந்த ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஒரு ஆள். புதன்கிழமை பஸ் டிரைவரிடம் பதில் கொடுத்தனுப்பு. ஒற்றை வார்த்தை எழுதினால் போதும்.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும், கடைக்கு வரும் ரேடியோக்கள் குறையாமலும், பேரக்குழந்தைக்குப் பல் வலிக்காமல் முளைக்கவும் மாதா அருள் புரியட்டும். உன் மனைவிக்கு என் பணிவான வணக்கம். கடிதத்தை உன் அக்காளிடம் கொடுக்கிறேன், ஒட்டி பஸ்ஸில் சேர்த்துவிடுவாள்.

இப்படிக்கு, கலங்கிய உள்ளத்துடன்,
லியோன்சியோ பக்கோம்பியா.

பி.கு.: தம்பி அப்தோன், இது நியேவெஸ் எழுதறது. ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னால படிச்சேன். கறுப்புப் பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல. வியாழக்கிழமை ராத்திரி ஊத்துகிட்ட, இருட்டுல இது என்னடான்னு தடவிப் பார்த்து, பக்கவாட்டுல இருந்த சின்னப் பொத்தானை நான் அமுக்கிட்டேன். அதுலேர்ந்து அதோட கணக்கு ஒரு முடி கீழே இறங்கிப்போச்சு, அதான் சத்துர்னீனோவோட சுருதியை ஒத்துக்குது.

ஆமா, நான்தான். கல்யாணமான புதுசுல, கிடாரையும் ஒயினையும் தூக்கிக்கிட்டு இந்த மனுஷன் எவளைப் பார்க்கப் போறாருன்னு, இவரு திரும்பி வந்து தூங்கினப்புறம் போய்ப் பார்த்தேன். எவளும் இல்ல. பாறை மேல கிடார் மட்டும் கிடந்துச்சு, தட்டிப் பார்த்தா காது குடுத்துக் கேக்க முடியல. அப்பா உனக்குச் சுருதி சேர்க்கச் சொல்லிக் குடுத்தப்போ நான் பக்கத்துல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டுதானே இருந்தேன், எனக்கும் காது இருந்துச்சு. சேர்த்து வச்சேன், குளிருக்கு ஒயினைக் குடிச்சேன், வந்துட்டேன். மறுநாள் ஊரே இவரைக் கொண்டாடினப்போ இவரு முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல மனசு வரல. தட்டினா சுருதி குடுக்குமே, அப்பாவோட அந்தச் சுருதிக் கவையைக் காணோம்னு நீ வீடு பூரா தேடினியே, அது என் பாவாடைப் பையில இருக்கு. போன வருஷம் திருவிழாவுக்கு உன் மருமக பிரசவம்னு நான் உன் வீட்டுல இருந்தேன், அதான் இங்க அப்படி ஆயிடுச்சு.

இவருகிட்ட எதுவும் சொல்லிடாதே. எனக்கு முழங்கால் போயிடுச்சு, வியாழக்கிழமை போய் வந்ததே பெரும்பாடு, இனிமே ஊத்துக்குப் போக முடியாது, அதனால பெட்டி வாங்கத்தான் வேணும். சிவப்பையே வாங்கச் சொல்லு. கரண்ட்டு, டிரான்சிஸ்டர்னு புரியாத மாதிரி நாலு காரணம் எழுது, நம்பிடுவாரு. நான் சிவப்பைச் சொல்றது நிறத்துக்காக இல்ல தம்பி. அன்னைக்கு ஆறு கம்பிக்கும் அது பச்சை காட்டினப்போ நான் அடுப்பங்கரையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷத்துல நீ சேர்த்தது சரிதான்னு என்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான்.