வேலை நேரத்தில் என்ன சிரிப்பு?

"பாரு, பாரு! மறுபடியும் சிரிக்கிறா!"

மேனேஜர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து, கையிலிருந்த செல்போனைப் பார்த்துத்தான் இப்படிக் கொதித்தார். திரை நாலு கட்டமாகப் பிரிந்திருந்தது. முதல் கட்டத்தில் பார்சல் ஆபீஸின் கவுண்டர். பில் போடும் அம்மா மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் எடை போடும் தாடிக்காரர், தராசின் மேல் பார்சலுக்குப் பதிலாகத் தானே ஏறி உட்கார்ந்து போன் பார்த்தார். மூன்றாவதில் கேஷியர். சொந்தக் கல்யாண போட்டோவில்கூடச் சிரிக்காத மனுஷர். அவரே குலுங்கிக்கொண்டிருந்தார்.

நாலாவது கட்டத்தில் மேனேஜரே தெரிந்தார். நாலு கேமரா சேர்ந்துதான் ஒரு செட் என்று கேமராக்காரர் சொல்லிவிட்டதால், வீணாவானேன் என்று கடைசிக் கேமராவைத் தன் அறையிலேயே மாட்டச் சொல்லியிருந்தார். தலைமுடி கலைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது. ஒரே குறை, எல்லாம் சத்தம் வராத மலிவு ரகம். அதனால் அந்த மூன்று பேரும் எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

புரியாததுதான் அவர் வயிற்றெரிச்சலே. மண்டல மேலாளர் பதவி காலியாக இருந்தது. தலை நரைக்கும்வரை அவர் காத்திருந்த பதவி. "எந்த ஆபீஸ் ஒழுங்கா இருக்கோ, அந்த மேனேஜருக்குத்தான்" என்று தலைமை அலுவலகத்துப் பெரிய சார் வாயைத் திறந்து சொல்லியிருந்தார். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் செய்ய இந்த மூன்று பேரும் கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

இத்தனைக்கும் அவர் சட்டம் போடாத மனிதர் இல்லை. தாமதமாக வந்தால் சட்டம், சீக்கிரம் போனால் சட்டம். ஆபீஸ் விஷயம் எதுவானாலும் ஆபீஸ் குரூப்பில்தான் போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். "விவரமெல்லாம் உங்களுக்குத் தனியா அனுப்பட்டுமா சார்?" என்று கேட்ட கேமராக்காரர்மீதுகூட, "இங்க தனியா கினியா கிடையாது. எல்லாம் குரூப்புலதான்!" என்று எரிந்து விழுந்திருந்தார். அந்தக் குரூப்பில் விடிந்தால் பூப்படமும் வணக்கமும்தான் வருகிறது என்று அவர் மட்டும் அதைத் திறப்பதில்லை.

மணியை அடித்தார். மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

"வாங்குற சம்பளம் வேலை பாக்கவா, போன் பாக்கவா?"

"வேலை பாக்கத்தான் சார்" என்றார் தாடிக்காரர்.

"அப்புறம் என்னய்யா சிரிப்பு?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சும்மா சார்... மனசு லேசா இருந்துச்சு" என்றார் பில் போடும் அம்மா.

"இனிமே லேசா இருக்கக் கூடாது!"

அன்றே வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. காலையில் வந்ததும் போனை அதில் போட்டுவிட வேண்டும். போட்டார்கள். மறுநாள் பெட்டி ஓயாமல் அலறியது. ஆபீஸ் போன் செத்து மாசக்கணக்காகிறது, வாடிக்கையாளர்களெல்லாம் இவர்களுடைய சொந்தப் போனில்தான் கூப்பிடுகிறார்கள் என்பது மேனேஜருக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த அலறல் யாருடையது என்று தேடுவதற்குள் அது நின்றுவிடும். எடுத்தவனுக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவனுக்கு அழைப்பு வராது.

ஆனால் செல்போன் திரையில் பார்த்தால் நெஞ்சு குளிர்ந்தது. மூன்று பேரும் தாடிக்காரரின் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஹா! இப்பதான் வேலை நடக்குது." மேனேஜர் எழுந்து, பெருமையோடு மீசையைத் தடவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த நொடி மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சுவரைத் தாண்டியே கேட்டது.

அவர் பாய்ந்து போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டரில் பார்சல் பதிவு பக்கம் பரம சாதுவாகத் திறந்திருந்தது.

"எதைப் பாத்து சிரிச்சீங்க?"

"இந்தப் பார்சலைத்தான் சார். எடை ரொம்ப... கம்மி" என்றார் கேஷியர்.

யாரிடம் காது குத்துகிறார்கள்? மேனேஜர் நேராகப் போய் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். பதிவு நின்றது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. "மருந்துப் பெட்டிங்க, இன்னைக்கே போகணும்!" என்று ஒருவர் கவுண்டரைத் தட்டினார். மேனேஜர் அசரவில்லை. அறைக்கு வந்து உட்கார்ந்து போனை எடுத்தார். நாலு கட்டமும் கறுப்பு. ஐந்து நிமிஷம் பொறுத்தார். கை நமநமத்தது. என்ன செய்கிறார்களோ, ஏது செய்கிறார்களோ என்று இருப்புக்கொள்ளாமல், தானே எழுந்து போய் வயரைச் சொருகினார். அலறல் தாங்காமல் பெட்டியிலிருந்த போன்களையும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் மருந்துப் பெட்டிக்காரர் தலைமை அலுவலகத்துக்கே புகார் சொல்லிவிட்டார். பெரிய சார் போன் செய்தார். "நாளைக்கு வர்றேன். என்ன நடக்குதுன்னு நேர்லயே பாக்குறேன்."

மேனேஜருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தப்பு செய்வது அவர்கள், பதில் சொல்வது இவரா? கதவைச் சாத்திக்கொண்டு, நாளை பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். தானே மேனேஜர், தானே பெரிய சார். வயிற்றை முன்னால் தள்ளி, வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து, இரண்டு அடிக்கு ஒருமுறை பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு, "அப்புறம்... சொல்லுங்க" என்று மூக்கால் பேசினார். அச்சு அசல் பெரிய சார்தான். அவருக்கே சிரிப்பு வந்தது. வெளியே தாடிக்காரர் தராசிலிருந்து உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

"சிரிங்கடா! நாளைக்குத் தெரியும் சேதி!"

மறுநாள் பெரிய சார் வந்தார். பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே ஹாலைக் கடந்தபோது மூன்று பேரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள். முதுகுகள் மட்டும் குலுங்கின.

"பாத்தீங்களா சார்? உங்க முன்னாடியே!" என்றார் மேனேஜர், அறைக்குள் நுழைந்ததும். "நாள் முழுக்க போன்தான். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்கேன். கையெழுத்துப் போடக்கூட நேரமில்ல சார் எனக்கு!"

பெரிய சார் மேஜைமேல் குவிந்திருந்த கையெழுத்தாகாத ரசீதுகளைப் பார்த்தார்.

"சரி, அப்படி என்னதான் பாக்குறாங்க?"

"அதுதான் சார் தெரியல. தெரிஞ்சா விடுவேனா? இந்த ஆபீஸ்ல ஒருத்தராவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்றாங்களா, கேளுங்க!"

டீ கொண்டுவந்த அக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் உங்களைத்தான் சார் பாக்குறாங்க, கேமராக்காரர் குரூப்புல லிங்க் போட்டுவிட்டாரே, அதுல, எங்க மாமியார்கூட சீரியலை விட்டுட்டு இப்ப உங்களைத்தான் பாக்குறாங்க, அதுலயும் நேத்து பெரிய சார் மாதிரியே பேன்ட்டை இழுத்து இழுத்து நடந்தீங்களே, அதை மறுபடி எப்ப போடுவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க!"