இலைக்கு மேல் ஓடும் மணிகள்

அபாகஸ் அப்பா என்றொரு இனம் உண்டு. நலம் விசாரித்தால் போதும். பாபிலோனில் மணலைப் பரப்பிக் கூழாங்கல் வைத்து எண்ணியதில் தொடங்கி, சீனாக்காரன் கம்பியில் மணி கோத்ததையும், ஜப்பான்காரன் அதில் இரண்டைக் கழற்றி மேலே ஒன்று கீழே நான்கு என்று ஆக்கியதையும் மூச்சு விடாமல் சொல்லி, மணிச்சட்டம் இல்லாமல் நார்த்தாமலைக் கோயிலை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று நம்மையே கேட்பார். நமக்கு எப்படித் தெரியும்? நாம் காதுகுத்துக்கு வந்தவர்கள்.

இந்த இனம் தனியாக வராது. கூடவே ஒரு பிள்ளை வரும். கணக்குச் சொன்னதும் அது கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் காற்றில் இல்லாத மணிகளைத் தள்ளிவிட்டு விடை சொல்லும். நாம் கைதட்ட வேண்டும். விடை சரியா என்று எவருக்கும் தெரியாது.

கறம்பக்குடியில் போன மாதம் ஒரு விருந்து. எனக்கு எதிர்ப் பந்தியில் அப்படியோர் அப்பா, வெற்றிசெல்வன்; அடுத்த இலையில் மகள் கார்த்திகா. பாயசத்தில் நொறுக்கிப் போட அப்பளத்தைத் தொடாமல் வைத்திருந்தது பிள்ளை. பாயச வாளியோடு ராக்கன் வந்தார். அப்பாவுக்கு ஊற்றினார். அதற்குள் அப்பா, என் பக்கம் பார்த்துக்கொண்டே மகளுக்கு ஒரு கூட்டல் கொடுத்தார். பிள்ளையின் கைகள் இலைக்கு மேல் எழுந்து ஆடின. இலைக்கு மேல் கை போனால் நம் ஊரில் என்ன அர்த்தம்? போதும் என்று அர்த்தம். ராக்கன் போய்விட்டார்.

மறுபடி வந்தார். மறுபடி கணக்கு. மறுபடி போய்விட்டார். அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது. எனக்கே அழுகை வந்தது.

மூன்றாம் முறை வாளியில் அடிப்பாயசம்தான். அப்பா இன்னொரு கரண்டிக்கு ஆசையாக நிமிர்ந்தார்.

"அப்பா, நானூத்தி எழுபத்தெட்ட ஆறால பெருக்குனா எவ்வளவுப்பா?" என்றது பிள்ளை.

அப்பாவும் வாரா வாரம் அபாகஸ் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூடவே கற்றவராயிற்றே. கண்கள் மூடின, இரண்டு கைகளும் இலைக்கு மேல் எழுந்தன.

"ஒங்களுக்குப் போதுமாண்ணே, சரிங்க" என்று நகர்ந்த ராக்கன், மிச்சத்தைப் பிள்ளையின் இலையில் கவிழ்த்தார். நமத்த அப்பளம் அதில் சத்தமில்லாமல் உடைந்தது.

சிரிக்கிறீர்கள். சரி, அந்தப் பெருக்கலுக்கு விடை என்ன? பார்த்தீர்களா, உங்கள் விரலும் அசைகிறது. அடுத்த பந்தியில் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.