டென்சில் முழந்தாளிட்ட படலம்

நாட்டைச் சொல்வேன், நாட்டின் நாயகனைச் சொல்வேன், நாயகனின் நடுப்பகுதியை இன்னும் விரித்துச் சொல்வேன், இக்காவியத்தில் விரிந்து கிடப்பது அதுவே ஆதலால்.

தோண்டத் தோண்டப் பொன் சுரந்து, பின்பு சுரப்பதை நிறுத்திக்கொண்ட தங்கவயலில், ஸ்கெலட்டன் என்னும் எலும்புப் பெயர் தாங்கிய குடியிருப்பில், எலும்பு இருக்குமிடமே வெளித்தெரியாத திருமேனியோடு வாழும் டென்சில் பெருமான் வாழ்க! மாரிகுப்பத்தில் விடியற்கால ரயிலேறி, மூவர்க்குரிய இருக்கையில் தான் ஒருவனே இருவராய் அமர்ந்து, பெங்களூர் வரை அயராது துயில்பவன் வாழ்க! பியூலாவின் கணவன், பிரியாணியின் பகைவன், கீழே விழுந்த பேனாவைப் பிறர் எடுத்துத் தரக் காத்திருக்கும் பொறுமையாளன், வாழ்க, வாழ்க!

அத்தகையோனுக்கு ஒரு துயரம் இருந்தது. டிசம்பர் பிறந்ததும், வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் குழுவினர், சிவப்பு அங்கியும் பஞ்சுத்தாடியும் முகமூடியும் கொணர்ந்து அவன் மடியில் வைப்பர். கிறிஸ்துமஸ் தாத்தாவாக அவன் ஏன்? எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை; அவன் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்ப்பர். டென்சிலோ குரல்வளம் உடையவன். கோட்டணிந்து, பாட்டுத்தாள் ஏந்தி, முன்வரிசையில் நின்று இடியென அடிக்குரலில் முழங்க வேண்டுமென்று நெஞ்சு கனன்றவன். முகமூடிக்குள் பாடினால் யாருக்குக் கேட்கும்? மேளத்துக்குக் குதிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிய வேண்டும், வியர்வையில் நனைந்த தாடி வாய்க்குள் புகாமல் காக்க வேண்டும்.

எனவே நவம்பரின் முதல் வாரத்தில், குழு கூடிய அவையில், நாற்காலி முனக எழுந்து நின்று சூளுரைத்தான்:

"இந்த வருஷம் தாத்தா வேஷம் நான் போட மாட்டேன். நாளைலேர்ந்து ஜிம்முக்குப் போறேன். வேற ஆளப் பாருங்க!"

அவை நகைத்தது. நகைத்தோருள் தலையாயவன் வால்டர், பியூலாவின் தம்பி, நட்டு வைத்த மூங்கிலனையான், முன்பொரு காலம் ஜிம்முக்குப் போய் இரண்டே நாளில் நொண்டிக்கொண்டு திரும்பிய அனுபவக் கடல்.

"மாமா, பந்தயம். நாளைக்கு ஜிம்முக்குப் போங்க. ஞாயித்துக்கிழம சர்ச்சுல, திருவிருந்துக்கு முட்டி போட்டுட்டு, யாரையும் எதையும் புடிக்காம நீங்களா எழுந்துட்டீங்கன்னா, அந்த அங்கிய நான் மாட்டிக்கிறேன். முடியலன்னா நீங்கதான் தாத்தா. இன்னா சொல்றீங்க?"

"முட்டி போட்டு எழறது ஒரு வித்தையா மச்சான்? இப்பவே போயி அங்கிக்கு அளவு குடு."

விதி சிரித்தது. வால்டரும் சிரித்தான்.

வெள்ளி மாலை, ராபர்ட்சன்பேட்டையில் டயர்க்கடைக்கு மேல்மாடியில், இரும்பும் கண்ணாடியும் வியர்வை நாற்றமும் சூழ்ந்த அப்போர்க்களத்துள், இன்னும் விலைச்சீட்டு அறுக்காத காலணியோடு நம் காளை புகுந்தான். பயிற்சியாளன் பிரதாப், மீசை முளைத்த வேகத்தைவிடப் புயம் முளைத்த வேகம் மிகுந்த இளைஞன், பணிவோடு எதிர்கொண்டான்.

"அங்கிள், இன்னிக்கு பஸ்ட் டே. கொஞ்சம் வாக்கிங், கொஞ்சம் ஸ்ட்ரெச்சிங், அவ்ளோதான். ஒடம்பு பழகணும்ல?"

"யாருகிட்ட தம்பி சொல்ற? எங்கப்பா அண்டர்கிரவுண்டுல மிஷின் புடிச்சவரு. எங்க தாத்தா அதுக்கும் கீழ் லெவல்ல பாறை ஒடச்சவரு. எனக்கு ஸ்ட்ரெச்சிங்கா?"

அந்தோ! கம்பெனி குவார்ட்டர்ஸ் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதுபோல் தசையும் கைமாறி வருமென்று நம்பும் ஊர் இது ஒன்றே. பாட்டன் பாறையோடு பொருதான். தந்தை இயந்திரத்தோடு பொருதான். டென்சில் இத்தனை ஆண்டுகளாகப் பொருதது ஏசி ரிமோட்டோடு மட்டுமே என்பதை அக்கணம் அவனுக்கு எடுத்துரைப்பார் எவருமிலர். ஆதலின், உட்கார்ந்து எழும் பயிற்சியை ஓர் இளைஞன் செய்யக் கண்டு, அவனிலும் மிகுதியாகச் செய்வேனென்று மனத்துள் முழங்கி, புயலில் பட்ட தென்னையெனத் தாழ்ந்து, பொங்கிய பாலென உயர்ந்து, மீண்டும் தாழ்ந்து, மூச்சு முன்னே ஓட உடல் பின்னே துரத்த, கண்ணாடியிலிருந்த டென்சில் கண்ணாடிக்கு வெளியே இருந்த டென்சிலைக் கைகூப்பித் தடுத்தும் கேளாது, பிரதாப் ஓடிவந்து "போதும் அங்கிள், போதும்!" என்று அலறும்வரை அவன் அமர்ந்தெழுந்த வீரத்தை ஆயிரம் நாவிருந்தாலும் அளவிடப் போமோ?

இல்லம் மீண்டான். வலி? வலியென்பது வலுவிலார்க்கு! பசியோ புலியெனப் பாய்ந்தது. பியூலா சுட்ட தோசைகள் கல்லைவிட்டுக் கிளம்பிய சூட்டிலேயே மறைந்தன. புயத்தை மடக்கிக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றான். பியூலா தொட்டுப் பார்த்தாள். "நேத்து மாதிரியேதான் இருக்குது" என்றாள்.

சனிக்கிழமை நண்பகல், தொடையில் ஒரு தூதன் வந்திறங்கினான். மாலையில் சேனை வந்தது. ஞாயிறு விடிந்தபோது இரு தொடையும் பகைவர் வசமாகியிருந்தன. கட்டிலினின்று இறங்க அவன் மேற்கொண்ட உபாயங்களை, உருண்டதை, சுவரோடு சமாதானம் பேசியதை, நாகரிகம் கருதி விடுக்கிறேன்.

"ஜிம்முக்குப் போனா இப்படியா ஆவாங்க? இருங்க, தைலம் தேய்க்கறேன்."

"வாணாம் பியூலா. வாசன வந்தா வால்டருக்குத் தெரிஞ்சிடும்."

கோயில். திருவிருந்து. டெய்சியின் விரல்களில் ஆர்கன் உருகியது. பாடற்குழுவில் நின்ற வால்டரின் கண்களோ உருகவில்லை, ஒரே இலக்கில் நிலைத்திருந்தன. யானை ஆற்றில் இறங்குமாப்போலே டென்சில் பீடத்தின் முன் முழந்தாளிட்டான். அப்பம் பெற்றான். திராட்சரசம் பெற்றான். வரிசையில் இருந்தோர் எழுந்தனர்.

டென்சில் எழவில்லை. ஆளிறக்கும் கேஜ் கூண்டு சுரங்கத்தின் அடிமட்டம் வரை இறங்கிவிட்டது. மேலே இழுக்க இன்ஜின்தான் இல்லை.

வலக்காலை ஏவினான், அது இடக்காலைக் கைகாட்டியது. இடக்காலை இறைஞ்சினான், அது கேட்காததுபோல் இருந்தது. கண்ணெதிரே மரக்கிராதி, பிடித்தெழு, பிடித்தெழு என்று மாயக்காரிபோல் அழைத்தது. சிவப்பு அங்கியை நினைந்து கைகளைப் பின்னே கட்டிக்கொண்டான். அடுத்த வரிசையினர் காத்து நின்றனர். டெய்சி கடைசிச் சரணத்தை மறுபடி தொடங்கினாள், முடித்தாள், மறுபடியும் தொடங்கினாள். பாவ உணர்வில் உடைந்துபோன ஆத்துமா இதுவென்று நெகிழ்ந்த பாஸ்டர், அருகே வந்து அவன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கலானார். சபையில் மூக்குறிஞ்சும் ஒலி எழுந்தது. அவன் கண்ணிலும் நீர் வழிந்தது. அது தொடையிலிருந்து புறப்பட்டு வந்த நீர் என்பதை அறிந்தவர் இருவர்: டென்சிலும் வால்டரும்.

பற்களைக் கடித்தான். பாட்டனை நினைத்தான். பூமி ஒரு சாண் கீழே போயிற்று. எழுகிறான்! பாதி எழுந்துவிட்டான்! வால்டரின் சுருதி பிசகிற்று. இன்னும் ஒரே ஒரு முழம்!

அப்போதுதான் பின்னால் நின்ற ஐடா ஆண்ட்டி, ஓய்வுபெற்ற நர்ஸ், எத்தனையோ நோயாளிகளைக் கேளாமலே தூக்கி நிறுத்திப் பழகியவர், அவன் அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காய்த் தூக்கி நிறுத்தினார்.

"இன்னா டென்சிலு, கால் மரத்துப் போச்சா? நவுரு, நானும் முட்டி போடணும்."

தடுக்க நேரமில்லை, தள்ளிவிட மனமில்லை, ஆலயத்தில் கத்தவும் வழியில்லை. வீழ்ந்தது கொற்றம்! சாய்ந்தது கொடி! வென்ற வால்டரின் குரல் மேற்கூரை ஓடுகளை எண்ணிவிட்டுத் திரும்பியது. எனினும் கேளீர்: தோற்றவன் துவளவில்லை. செவ்வாய் மாலை, கைப்பிடிச் சுவரைத் தழுவித் தழுவி, தைலமணம் தெருவெங்கும் கமழ, டயர்க்கடை மாடியை மறுபடியும் ஏறிய அம்மாவீரன் பிரதாப்பின் முன் தலைதாழ்த்தி, "ஸ்ட்ரெச்சிங் சொல்லிக் குடுப்பா" என்று இரந்த எளிமையை எவ்வுலகம் மறக்கும்!

டிசம்பரில் டென்சில்தான் தாத்தா வேஷம் போட்டார், வயிறு கொஞ்சம் குறைந்திருந்ததால் பியூலா அங்கிக்குள் ஒரு சின்னத் தலையணை வைத்துக் கட்டினாள்.