மாமனார் வண்டியும் த்ரீ பேஸ் கரண்ட்டும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. நானும் படித்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நான்கு வருடப் படிப்பில் ஏழு அரியர் வைத்து, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். (கடைசி அரியரை முடித்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. ரிசல்ட்டைப் பார்த்துச் சொன்னதே மனைவி கோமதிதான்.)

கல்யாணமாகி எட்டு மாதம், பாப்பாரப்பட்டி பக்கத்தில் மாமனார் வீட்டில் வேலை இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமனார் தங்கமானவர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் யாராவது வந்து, "மாப்ள என்னங்க பண்றாரு?" என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, "வூட்லதான் இருக்காரு" என்பார். எனக்கு ஏதோ தீராத வியாதி என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. (இறங்காது என்றால், இரண்டாவது தடவை வாங்கிக்கொள்ள மாட்டேன்.)

அப்போதுதான் சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பார்க்க வேண்டும். சொந்த வண்டியில் போக வேண்டும், கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் தருவார்கள். காலையில் கிளம்பும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் வண்டி மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். போட்டோ இல்லையென்றால் காசு இல்லை. முதல் மாதம் முழுக்கச் சோதனைக் காலம், ஏரியா மேனேஜர் ஜெயபால் சாருக்குப் பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு என்றால் எந்த வீடு? மறுபடியும் "வூட்லதான் இருக்காரு" வீடு.

என்னிடம் ஏது சொந்த வண்டி? மாமனார் தன்னுடைய பழைய பைக்கைத் துடைத்துக் கொடுத்தார். "வித்துடலாம்னு இருந்தேன் மாப்ள. பரவால்ல, நீங்க ஓட்டுங்க. நல்ல வெல வர்ற வரைக்கும்" என்றார்.

திங்கட்கிழமை காலை மீட்டர் 31,400. போட்டோ எடுத்துப் போட்டேன். அன்றைக்கு அறுபது கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை மாரண்டஹள்ளி போய்ச் சேர்ந்து பார்த்தால், மீட்டர் அதே 31,460-இல் நிற்கிறது. சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் அறுந்துவிட்டது.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், கேபிள் போச்சு" என்பான். நான் என்ன செய்தேன்? இன்டர்வியூவில் "வண்டி கண்டிஷன் எப்படி?" என்று அவர் கேட்டபோது, "ஷோரூம் கண்டிஷன் சார்" என்று அளந்துவிட்டிருந்தேன். அதனால், "போன்ல கேமரா ரிப்பேர் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றேன். நான்கு நாள் மொத்தம் நானூறு கிலோமீட்டர் அலைந்தேன். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை கிலோமீட்டர் என்று டைரியில் ஒழுங்காக எழுதியும் வைத்தேன். மீட்டர்தான் அசையவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயபால் சார் போன் செய்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். அப்படியே உங்க வூட்டுக்கு வந்து மீட்டரை நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஓடி ஒரு புதுக் கேபிள் வாங்கி வந்தேன். கேபிள் வந்தாயிற்று, போன கிலோமீட்டர் வருமா? மறுபடி நானூறு கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான். நான்கு வருடம் காலேஜில் தூங்கியவன், அன்றைக்கா விழிக்க வேண்டும்!

மாட்டுக் கொட்டாயில் மாமனாரின் தட்டு வெட்டும் மிஷின் இருந்தது. சோளத்தட்டை மாட்டுக்கு நறுக்கிப் போடுகிற மிஷின். அதன் மோட்டாரில் பெல்ட்டைக் கழற்றினேன். பைக்கைப் பக்கத்தில் நிறுத்தி, கேபிளின் கீழ் நுனியைச் சைக்கிள் டியூப் துண்டால் மோட்டார் தண்டோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். மோட்டார் சுற்றினால் கேபிள் சுற்றும், கேபிள் சுற்றினால் மீட்டர் ஓடும். விவசாயக் கரண்ட் இலவசம். நான் உண்மையாகவே ஓடிய கிலோமீட்டரைத்தானே ஏற்றுகிறேன், இதில் என்ன தப்பு?

சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் சுவிட்சைப் போட்டேன். முள் நூற்றிருபதில் போய் நின்றது! வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் மாடு அசைபோடுகிறது, மீட்டர் மட்டும் பெங்களூர் ரோட்டில் பறக்கிறது. அந்த வண்டி ரோட்டில் அறுபதைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

"இதென்ன மாப்ள?" என்றார் மாமனார்.

"கம்பெனி வேலைங்க மாமா."

"இப்படி வூட்ல இருந்துட்டே பாக்கற வேலையா? பரவால்லயே!" என்று சந்தோஷமாகப் பல் விளக்கப் போனார்.

அரை மணி நேரத்தில் அறுபது கிலோமீட்டர் ஏறியது. பட்டென்று கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கம் தோட்டத்துக்கு வரும் த்ரீ பேஸ் கரண்ட் போனால், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குக் கோமதியின் சித்தி பேரனுக்கு மாரண்டஹள்ளியில் காதுகுத்து. மீதியை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம்.

இங்கேதான் ஒரு விஷயம். கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று, மாமனார் தன் வீட்டு மோட்டார் எல்லாவற்றுக்கும் ஆட்டோ மாட்டி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியும். பந்தியில் இரண்டாவது வடையைக் கடிக்கும்போது ஞாபகம் வந்தது. பாதி வடையோடு கோமதியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோமதிக்கு இன்றுவரை வருத்தம், தன்னை விட்டுவிட்டு வந்ததற்கல்ல, மொய் கவர் என் சட்டைப்பையிலேயே வந்துவிட்டதற்கு.

வழியில் ஸ்கூட்டி வேறு பஞ்சர். வந்து சேரும்போது சாயங்காலம். மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம்! சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால், மீட்டர் 32,240. டைரிக் கணக்குப்படி 31,860 தான் இருக்க வேண்டும். முந்நூற்றெண்பது கிலோமீட்டர் அதிகம். ஒரே வாரத்தில் இவ்வளவு தூரம் எங்கே போனாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? திருட்டுப் பட்டம், வேலை காலி. கொட்டாயிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

காதுகுத்திலிருந்து திரும்பிய மாமனார் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டீங்க? மூணு வயர்ல ரெண்டை மாத்திக் குடுத்தா மோட்டார் ரிவர்ஸ்ல சுத்தப்போவுது. இதுகூடத் தெரியாம என்ன இன்ஜினியருங்க நீங்க?"

(அரியர் வைத்த ஏழில் மூன்று எலக்ட்ரிகல். அதை நான் சொல்லவில்லை.)

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வயரை மாற்றிப் போட்டோம். என்ன அதிசயம்! மீட்டர் ஒவ்வொன்றாக இறங்கியது. அதற்குள் ஜெயபால் சார் போன். "தம்பி, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், வாங்க." கொட்டாய்ச் சுவரில் சாக்பீஸால் 31,860 என்று பெரிதாக எழுதினேன்.

"மாமா, மீட்டர்ல இந்த நம்பர் வந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. மறந்துடாதீங்க, என் வேலையே இதுலதான் இருக்குது."

"நீங்க போங்க மாப்ள. நான் இங்கயே சேர் போட்டு உக்காந்துக்கறேன்."

கல்யாணத்தில் சாப்பிட்டோம். பிறகு சார் ஒரு தக்காளித் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒன்பதரை மணிக்கு மாமனாருக்குப் போன் செய்தேன். சார் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றதால் வெளிப்படையாகப் பேச முடியவில்லை.

"மாமா, அந்த வேலை ஆச்சுங்களா?"

"அருமையாப் போவுது மாப்ள! நீங்க சொன்னதவிட நல்லாவே பண்ணிட்டிருக்கறேன்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. "நல்லாவே" என்றால் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு சாரை ஸ்கூட்டியில் உட்காரவைத்து வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழையும்போதே கொட்டாயிலிருந்து "கொய்ங்ங்" என்று மோட்டார் சத்தம். என் உயிர் பாதி போய்விட்டது. மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாங்க சார், வாங்க! வண்டி எப்படிப் புதுசாயிட்டிருக்குது பாருங்க!"

"மாமா! அந்த நம்பர் வந்ததும் நிறுத்தச் சொன்னேனே!"

"வந்துது மாப்ள. பாத்தேன். ஆனா கொறையக் கொறைய வண்டி வெல ஏறுதே, நல்லா ஓடற மோட்டார எதுக்கு நிறுத்தணும்? இன்னிக்குன்னு பாத்துக் கரண்ட்டு ஒரு தடவகூடப் போவல. சாமி வரம் குடுக்கும்போது வேணாங்கலாமா?"

ஜெயபால் சார் குனிந்து மீட்டரைப் பார்த்தார். 31,282. அவர் கண்ணெதிரிலேயே 31,281. பிறகு 31,280. நான் ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன். சார் தன் போனை எடுத்து, திங்கட்கிழமை நான் போட்ட போட்டோவைத் தேடி, அதையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு 31,400."

"ஆமாங்க சார்."

"இன்னிக்கு 31,280."

"ஆமாங்க சார்."

"அப்ப இந்த வாரம் நீங்க கம்பெனிக்காக மைனஸ் நூத்தியிருவது கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேபிள் அறுந்தது, கேமரா பொய், காதுகுத்து, வடை, வயர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டைரியையும் நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். மாமனார் மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, என் காதில், "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா மாப்ள?" என்று கேட்டார். சார் மோரைக் குடித்து முடித்துவிட்டு, பையிலிருந்து கிளைம் பாரத்தை எடுத்து அவரே நிரப்பினார்.

"இருவது வருஷமா கிளைம் பாக்கறேன். மீட்டரை ஏத்திக் காட்டினவன் நூறு பேரைப் பாத்துட்டேன். இறக்கிக் காட்டினவரு நீங்க ஒருத்தர்தான். நீங்க பொய்க் கணக்கு எழுதினாக்கூடக் கம்பெனிக்குத்தான் லாபம். உங்கள எப்படி விடறது? நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

வேலை நிலைத்துவிட்டது. ஆனால் பாரத்தில் அவர் எழுதியது எழுதியதுதான். மைனஸ் நூற்றிருபது, பெருக்கல் மூன்று. பொய் சொன்னதற்கு அபராதமாக இருக்கட்டும் என்று என்னிடமே கையெழுத்து வாங்கினார். அந்த மாதச் சம்பளத்தில் முந்நூற்றறுபது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அதே கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறேன். அந்த முதல் சம்பளச் சீட்டைக் கோமதி லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அதைக் காட்டுகிறார். இப்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவதில்லை, தெருக்கோடி வரை கேட்கிறது.

"எல்லாரும் வேலைக்குப் போனா கம்பெனி சம்பளம் குடுக்கும். எங்க மாப்ள போயி ஒரு வாரத்துல கம்பெனிக்கே சம்பளம் குடுத்தவருங்க!"