வேப்பிலைக் கூடாரம்

உதயரூபன் கூடார வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டி முடிக்கவும், மைதானத்தில் தடுப்பூசி வான் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

சுனாமி அடித்து மூன்றாவது வாரம். நாவற்குடாவில் பாடசாலை மைதானத்து முகாமுக்கு அவர்தான் தலைவர். நேற்று ஒலிபெருக்கியில் முழங்கியவரும் அவரேதான். இடிபாட்டு ஆணி காலில் ஏறினால் ஏற்பு வலி என்கிற டெட்டனஸ் வரும். ஊசி மூலம் அந்த நஞ்சை ஒருமுறை காட்டிவைத்தால், இரத்தத்திலுள்ள வெண்குழியங்கள் அதன் முகத்தை மறக்காது, மறுபடி வந்தால் வாசலிலேயே பிடித்துவிடும். இத்தனையும் சொன்னவர், "முதல் ஊசி எனக்கு!" என்றும் சொல்லித் தொலைத்துவிட்டார்.

அலைக்குள் இறங்கி நாலு பேரைக் கரைசேர்த்த மனிதருக்கு ஊசி என்றால் ஈரக்குலை நடுங்கும். மனைவி அஜந்தாவுக்குக்கூட அது தெரியாது. தெரிந்துவிட்டால் முகாமில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

வாசலில் வேப்பிலை கண்டால் உள்ளே அம்மாள், அதாவது அம்மை வந்திருக்கிறது என்று ஒருவரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். அந்தத் துணிச்சலில் பாயில் சுருண்டு படுத்தார்.

வாசலில் தொங்கிய படங்குத் துணி விலகியது. ஊசிப் பெட்டியோடு நுழைந்த நேர்ஸ் நிருஷா, படங்கை இழுத்து மூடிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அம்மாளா ஐயா?"

"ஓம் மிஸ். கிட்ட வராதீங்க."

"சின்ன வயசில வந்ததா?"

"வந்தது, வந்தது. மூண்டு கிழமை பாயில கிடந்தன்."

"அப்ப திரும்ப வாறது அபூர்வம். ஞாபகக் குழியம் ஆளை அடையாளம் கண்டு கிருமியோட சண்டை பிடிக்கிற பிறபொருளெதிரிய ஏவி விட்டிடும். நீங்கதானே நேத்து மைக்கில விளக்கம் சொன்னீங்க?"

உதயரூபனுக்குத் தன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. "அது... எனக்கில்ல மிஸ். தம்பிக்கு வந்தது."

"அப்ப உங்கட உடம்பு இந்தக் கிருமியக் கண்டதேயில்ல! முகாம் முழுக்கப் பரவப்போகுது. கொப்புளத்தக் காட்டுங்க."

"இன்னும் வெளிய தெரியல்ல. காய்ச்சல் மட்டும்தான்."

அவள் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"இது உள்காய்ச்சல்."

"உள்காய்ச்சல் எண்டா இரத்தம் எடுத்து வெண்குழியத்த எண்ணிப் பாக்கோணும். அதுக்கு வேற ஊசி. கொஞ்சம் பெரிசு."

அவர் கையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டார். வெளியே வரிசையில் முணுமுணுப்பு. தலைவர் போடாமல் தாங்கள் போடமாட்டார்களாம். நடுவே அஜந்தாவின் குரல் கேட்டது: "என்ட மனுசன் பயந்தவரில்ல. இப்ப வருவார் பாருங்க."

அது அவரைச் சுட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அம்மாளும் இல்ல மிஸ். எல்லாம் பொய். ஊசிக்குப் பயம். மானத்த வாங்காம இஞ்சயே குத்திவிடுங்க."

ஊசி வரவில்லை. கண்ணைத் திறந்தார். நிருஷா முகம் வெளிறி, பெட்டியை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவசரம் என்ன ஐயா? உங்கட தம்பிக்கு... எத்தினை வயசில வந்தது?"

அந்நேரம் வான் சாரதி கச்சி முகம்மது படங்கை நீக்கித் தலையை நீட்டினார்.

"அண்ணன், எப்பிடியாவது மிஸ்ஸ வெளிய அனுப்பிவிடுங்க. இதோட மூணு முகாம். ஊசியக் கண்டா தலை சுத்துது எண்டு, வேப்பிலை கட்டின கூடாரமாப் பாத்து உள்ள பூந்து ஒளிச்சுக்கிறாங்க!"