எம்.டி.யைப் பெற்ற அப்பா

குன்றத்தூர் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பவர்களில், பிள்ளையை முதலாளியாக்கும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் தொழிலதிபர் ஆவது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். "நான்தான் ஷிஃப்ட்டு, ஓ.டி.ன்னு அல்லாடிக்கினு கீறேன். எம் புள்ள நாலு பேருக்கு வேலை குடுக்கணும்" என்பார். நல்ல ஆசைதானே? சந்தேகமில்லை. ஆனால் அவர் அதற்குச் செய்யும் காரியங்கள் இருக்கின்றனவே, அடேயப்பா!

எங்கள் தெரு சிவசங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். தொழில் என்றால் அவருக்குத் தெரிந்தது அந்தத் தொழிற்சாலைதான். ஆகவே வீட்டையே தொழிற்சாலை ஆக்கிவிட்டார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் எழிலரசிதான் எம்.டி. காலையில் எம்.டி. பல் துலக்கியதும் மீட்டிங். புத்தகப் பை, செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இடம் குறித்திருந்தார். டேப்புக்கு வெளியே செருப்பு கிடந்தால் எம்.டி. விளக்கம் சொல்ல வேண்டும், டி.வி. பார்க்க எம்.டி. அனுமதி கேட்க வேண்டும், தோழி வீட்டுக்குப் போக எம்.டி. லீவு சொல்ல வேண்டும். "சொந்தமா முடிவெடுக்கக் கத்துக்கோ பாப்பா" என்பார். அவள் வாயைத் திறந்தால், "குறுக்கப் பேசாத!" இப்படிக் கைகட்டி நிற்கும் முதலாளியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அவர் மனைவி மஞ்சுளா ஒருநாள் கேட்டே விட்டாள்: "பாப்பாவ மொதலாளி ஆக்கப் போறீங்களா, உங்க லைன்ல சேக்கப் போறீங்களா?"

"உனக்கு இன்னா தெரியும்? இதெல்லாம் மைண்ட்செட்டு."

இந்த அப்பாக்களுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். சில சமயம் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுத் தொலைக்கிறார்கள்.

மே மாத விடுமுறை. காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் இடம் எழிலரசிக்குத் தெரியும். அந்த வெயிலில் இறங்கும் எல்லாரும் தன் அப்பாவைப் போலவே தொண்டை காய்ந்து வருவார்கள் என்பதும் தெரியும். அம்மாவைச் சேர்த்துக்கொண்டு தயிர் கடைந்தாள், இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டாள், குடம் நிறைய மோரோடு அந்த நிறுத்தத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று ஆசை.

பஸ் வந்தது. கூட்டம் மொய்த்தது. சிவசங்கரும் இறங்கினார். அவரோடு வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் அருள்பாண்டி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அருமையா இருக்குல்லா! வெவரமான பிள்ளை. யாரு வீட்டுப் பிள்ளை வே இது?" என்றார்.

எழிலரசி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"தெரிலயே" என்றார் சிவசங்கர். "ஏரியாவுக்குப் புதுசு போல கீது."

பாவி மனுஷன்! சொல்லிவிட்டுச் சும்மா போனாரா? மகள் கையாலேயே ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து, யாரோ போல நடையைக் கட்டினார். அதே பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்கே அந்தப் பிள்ளையின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வீட்டில் கேட்டாள்: "ஏம்ப்பா என்னைத் தெரியலன்னு சொன்ன?"

"சூப்பர்வைசர் பொண்ணு ரோட்டுல மோர் விக்குதுன்னு லைன்ல சிரிக்க மாட்டானுங்களா? பிசினஸ்னா ஏசி ரூமுல கம்ப்யூட்டர் வெச்சிக்கினு பண்றது பாப்பா. நாளையிலேர்ந்து கடை கிடை ஒண்ணும் வேணாம்."

எழிலரசி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முடியாதுப்பா. நாளைக்கும் வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

இத்தனை நாளாக அவர் மீட்டிங் போட்டு எதிர்பார்த்தது இந்தப் பதிலைத்தான். வந்தபோது கோபம்தான் வந்தது.

மறுநாளும் கடை இருந்தது, கூட்டமும் இருந்தது. சிவசங்கரைத்தான் காணோம். அன்றிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, நாக்கு வறள வறளச் சுற்றுவழியில் வீட்டுக்கு நடக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். நம் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருக்கிறதே? அதற்குள் ஏன் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போகிறீர்கள்?